ஒளியலைக்கு முழம் போட்டவர்கள்

கடலலையை அளப்பது அரிதன்று. ஒரு முகட்டுக்கும் அதன் பின்வரும் முகட்டுக்கும் இடையே எத்தனை பாகமிருக்குமென்று கரையில் நிற்பவன் கண்ணாலேயே மட்டிட்டுக் கூறிவிடுவான். ஒளியும் ஓர் அலையே என்பது பௌதிக நூலார் துணிபு. ஆயின் அவ்வலையின் முகட்டையேனும் பள்ளத்தையேனும் கண்டவர் எவருமிலர், காணவும் இயலாது. காண்பதற்குக் கருவியாயமைவதே அவ்வொளியன்றோ? பச்சையொளியை எடுத்துக்கொண்டால் ஒரு மில்லிமீற்றர் நீளத்துள் ஏறக்குறைய 1,900 அலைகள் அடங்கிக் கிடக்கின்றன. இத்துணை நுண்ணியதொன்றை, மின்விளக்குத்தானும் இல்லாத காலத்திலே, மயிரையும் கம்பியையும் கண்ணாடித் துண்டையும் கொண்டு மனிதன் அளந்து கணக்குக் கூறினான். அஃது எங்ஙனம் கைகூடிற்று என்பதைச் சிறிது விரிவாகவே நோக்குவோம்.

கண்ணுக்குப் புலப்படாத சிறு பொருளை நேரே அளக்க முற்படுதல் வீண். அச்சிறு பொருள் விளைக்கின்ற பெரிய விளைவொன்றைத் தேடிப்பிடித்து, அதனை அளந்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணித்தலே வழி. இரண்டு ஒளியலைகள் ஓரிடத்தே சந்திக்குமாயின், முகடும் முகடும் சேருமிடத்தில் ஒளி மிகும். முகடும் பள்ளமும் சேருமிடத்தில் ஒன்றையொன்று அழித்து இருள் தோன்றும். ஒளியோடு ஒளி கூடி இருளாகின்ற இவ்விந்தையைத் தலையீடு என்று நம் பாடநூல்கள் வழங்குகின்றன. ஓர் அலை மற்றதைவிடச் சரியாக ஓர் அலைநீளம் கூடுதலாக நடந்துவந்தால் மீண்டும் ஒளி. ஆகவே ஒளிக்கோடொன்றிற்கும் அடுத்த ஒளிக்கோட்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு ஓர் அலைநீளப் பாதை வேறுபாடேயாகும். கோடுகளை நாம் சாதாரண அளவுகோலால் அளக்கலாம். அலையை அளப்பதற்கு இதுவே வாயில்.

இவ்வாயிலைத் திறந்தது ஒரு கைக்குட்டை. 1785ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து ஹொப்கின்சன் என்பார் (அந்நாட்டின் சுதந்திரப் பிரகடனத்திற் கையொப்பமிட்டவர்களுள் ஒருவர்) ஓரிரவு தம் பட்டுக் கைக்குட்டையைக் கண்முன் விரித்துப் பிடித்துத் தெருவிளக்கொன்றை நோக்கினார். நூலிழைகள் பருத்துத் தடித்த கம்பிகள்போற் காணப்பட்டன. கைக்குட்டையை இடமும் வலமும் அசைத்துப் பார்த்தார், கம்பிகளோ அசையவில்லை! காரணம் விளங்காது, தம் நண்பரும் வானியலாளருமான டேவிட் றிற்றன்ஹவுஸ் என்பவரிடம் அவர் கேட்டார். மணிக்கூடு செய்வதில் வல்லவரான றிற்றன்ஹவுஸ், நுண்ணிய புரியுடைய திருகாணிகள் இரண்டைச் சமாந்தரமாகப் பொருத்தி, புரிதோறும் ஒரு மயிராக ஏறக்குறைய ஐம்பது மயிர்களை வரிசையாகக் கட்டினார். யன்னற் கதவிலிருந்த சிறு பிளவொன்றினூடாக வந்த ஒளியை அம்மயிர் வேலியினூடாக நோக்கியபோது, நடுவே ஒளிக்கோடுகளும் இருமருங்கும் வண்ணக் கோடுகளும் ஒழுங்காக விலகி நிற்கக் கண்டார். கோடுகள் விலகிய கோணங்களையும் அளந்து எழுதிவைத்தார். இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தால் ஒளியின் இயல்புபற்றிப் புதியன பல வெளிப்படக்கூடும் என்றும், தமக்கு அவகாசமில்லையென்றும் கூறி அதனோடு நிறுத்திக்கொண்டார். அலைநீளத்தைக் கணிப்பதற்கு வேண்டியன யாவும் அவர் மேசைமீதிருந்தன. ஒளி அலையென்னும் எண்ணம் ஒன்றுமட்டுமே அங்கில்லை.

வாசகர் இதனை இன்றிரவே செய்து பார்க்கலாம். குடைச்சீலை போன்று நெருக்கமாக நெய்த மெல்லிய துணியொன்றைக் கண்ணருகே பிடித்துத் தூரத்துத் தெருவிளக்கை நோக்குக. விளக்கைச் சுற்றிச் சிலுவை வடிவில் வண்ணப் புள்ளிகள் அணிவகுத்து நிற்கும். இதன் பெயர் கோணல். இடைவெளியினூடு செல்லும் ஒளி நேர்வழியினின்றும் கோணிச் செல்லுதலால் வந்த பெயர்.

அலையென்னும் எண்ணத்தை நிலைநாட்டியவர் ஆங்கிலேய வைத்தியரான தொமஸ் யங் (1773–1829). எகிப்திய சித்திர எழுத்துக்களின் மறையை அவிழ்க்க முயன்றவர்களுள்ளும் இவர் ஒருவர். நியூற்றன் 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலிலே, குவிந்த வில்லையொன்றைக் கண்ணாடிமீது அழுத்தும்போது தோன்றும் வண்ண வளையங்களை அளந்து, அடுத்தடுத்த வளையங்களுக்குரிய காற்றிடைவெளி ஓரங்குலத்தின் 89,000இல் ஒரு பங்காகக் கூடிச்செல்வதாகக் குறித்திருந்தார். நியூற்றன் அலைக்கொள்கையை ஏற்றவரல்லர். இருந்தும் அளவை மட்டும் பழுதறச் செய்திருந்தார். யங் அதே அளவைகளைக் கையிலெடுத்தார். ஒளி அவ்விடைவெளியைப் போகவும் வரவும் இருமுறை கடத்தலால், அதனை இரட்டித்தால் அலைநீளம் கிடைக்கும். இன்றைய கணக்கில் அது 571 நனோமீற்றர், மஞ்சளொளிக்கு மிகப் பொருத்தமான அளவு. (நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்திலட்சத்தில் ஒரு பங்கு.) 1801இல் யங் தந்த கணக்கின்படி ஓரங்குலத்துள் சிவப்பலைகள் ஏறக்குறைய 37,600, ஊதா அலைகள் ஏறக்குறைய 60,000. நியூற்றனின் அளவைகளாலேயே நியூற்றனின் கொள்கை வீழ்ந்தது விந்தைதான். அதற்காக யங் பத்திரிகைகளிற் பெற்ற ஏச்சும் சிறிதன்று.

இக்கதையில் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தவர் ஜேர்மனியின் யோசெப் பிரவுன்ஹோபர். 1787இற் பிறந்து, பதினொரு வயதிலே தாய் தந்தை இருவரையும் இழந்து, மியூனிக் நகரத்துக் கண்ணாடித் தொழிலாளி ஒருவரிடம் கைவேலை பயிலச் சேர்ந்த ஏழைச் சிறுவன் அவர். 1801ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அத்தொழிலாளியின் வீடு இடிந்து வீழ்ந்தது. இடிபாட்டினுள் அகப்பட்ட சிறுவன் உயிரோடு மீட்கப்பட்டான். மீட்பு வேலையைப் பார்க்க வந்திருந்த பவேரிய இளவரசர் அவனுக்குப் பணம் கொடுத்துதவினார். அப்பணம் படிப்புக்கும் கண்ணாடி கடையும் பொறிக்கும் ஆயிற்று. பிற்காலத்தில் ஐரோப்பாவிலேயே தலைசிறந்த வில்லைகளை ஆக்கியவர் அச்சிறுவனே.

நல்ல வில்லை செய்வோனுக்கு ஒவ்வொரு நிறமும் கண்ணாடியில் எவ்வளவு முறிவடைகிறதென்பது திட்டமாகத் தெரியவேண்டும். "சிவப்பு" என்றால் எந்தச் சிவப்பு? வானவில்லில் ஒரு நிறம் முடிந்து மறுநிறம் தொடங்குமிடத்தை யார் வரையறுப்பார்? பிரவுன்ஹோபர் 1814இல் ஞாயிற்றொளியை அரியத்தினூடு செலுத்தித் தொலைகாட்டியால் நோக்கியபோது, அந்நிறப்பட்டையின் குறுக்கே நூற்றுக்கணக்கான கருங்கோடுகள் ஓடக் கண்டார். அவை என்றும் இடம்பெயராத கோடுகள். நிறங்களுக்கு நட்ட எல்லைக் கற்கள்போன்றவை. எல்லைக் கல் கிடைத்ததும் நிலத்தை அளக்க வேண்டுமல்லவா? 1821ஆம் ஆண்டளவில் அவர் றிற்றன்ஹவுஸ் செய்ததைப் போன்றே, இரு திருகாணிகளுக்கிடையே 260 மெல்லிய கம்பிகளைச் சமாந்தரமாகக் கட்டினார். பின்னர் கண்ணாடிமீது பொன்தகடு ஒட்டி அதிற் கீறினார். அதன்பின் வைர முனையாற் கண்ணாடியிலேயே நேராகக் கீறினார். இவ்வாறு நெருக்கமான சமகோடுகளைக் கொண்ட கருவியே கோணலளியடைப்பு. தமிழகத்தார் இதனைக் கீற்றணி என்பர். அளி என்பது கிராதிக் கம்பி. யன்னற் கிராதியை நினைவூட்டும் நம் பெயரே எனக்குப் பிடித்தமானது. இதனைக்கொண்டு கருங்கோடுகளின் அலைநீளங்களை அவர் கணித்து வெளியிட்டார். 1826இல் முப்பத்தொன்பது வயதிலே மறைந்தார்.

உயர்தர வகுப்பு மாணாக்கர் பரிசோதனைசாலையிற் கையாளும் திருசியமானி இவருடைய மேசையிலிருந்து வந்ததேயாகும். நடுவே சுழலும் மேசை. ஒருபுறம் ஒடுங்கிய பிளவினூடு வரும் ஒளியைச் சமாந்தரக் கதிர்களாக்கும் குழாய். மறுபுறம் சுழலும் தொலைகாட்டி. கோணத்தை அளக்க வேணியர் பொருத்திய வட்ட அளவுகோல். மில்லிமீற்றருக்கு 600 கோடுகள் கொண்ட அளியடைப்பை மேசைமீது நிறுத்திச் சோடியம் விளக்கை ஏற்றினால், நேர்க்கோட்டிலிருந்து இருமருங்கும் ஏறக்குறைய 20 பாகை 42 கலையில் மஞ்சட் கோடு தோன்றும். அக்கோணத்தின் சைன் 0.3535. இரு கோடுகளுக்கிடைத் தூரமாகிய 1/600 மில்லிமீற்றரால் அதனைப் பெருக்க, 0.000589 மில்லிமீற்றர் வரும். 589 நனோமீற்றர்! தொலைகாட்டியை இன்னும் திருப்பி 45 பாகை வரை கொண்டுசெல்க. அங்கே இரண்டாம் முறையாக அதே மஞ்சட் கோடு தோன்றும். கூர்ந்து நோக்கினால் அஃது ஒரு கோடன்று, மூன்றரைக் கலை இடைவெளியில் நிற்கும் இரண்டு கோடுகள் என்பது புலனாகும். அவற்றின் அலைநீளங்கள் 589.0, 589.6. பரிசோதனைப் புத்தகத்தில் விடையை எழுதி முடித்ததும் தொலைகாட்டியை விட்டு விலகும் மாணாக்கர் இக்காட்சியை இழந்துவிடுகின்றனர். இதை ஒருமுறையேனும் காணாது பள்ளியை விட்டுச் செல்லுதல் பெருங்குறை என்பது என் கருத்து.

திருசியமானி பழைய கருவி, அதிற் புதிதாய்க் காண என்ன உண்டு என்று எண்ணுவோர் சந்திரசேகர வேங்கட இராமனை நினைத்துப் பார்த்தல் நன்று. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவிற் பிறந்த இராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவனாயிருந்தபோது இதே கருவியால் அரியமொன்றின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். அரிய முகத்தில் மிகச் சாய்வாகத் தெறித்த ஒளியில், நடுக்கோட்டின் இருமருங்கும் சமமில்லாத கோணற் பட்டைகள் இருப்பதைக் கவனித்தார். எல்லோரும் செய்யும் வகுப்புப் பரிசோதனைதான்; அவர் கவனித்தார், அவ்வளவே வேறுபாடு. 1906இல் இலண்டன் விஞ்ஞான சஞ்சிகையொன்றில் அதுபற்றி அவர் எழுதிய கட்டுரை வெளிவந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. பிற்காலத்தில் நோபல் பரிசை ஈட்டித்தந்த இராமன் விளைவும் சிதறிய ஒளியின் அலைநீளம் மாறுவதைக் கண்டதேயாம்.

கருவி செம்மையாக இருந்தால் விடையும் செம்மையாக இருக்குமென்று கூறிவிட முடியாது. சுவீடன் நாட்டு உப்சாலா நகரத்துப் பேராசிரியர் அங்ஸ்ரொம், ஞாயிற்றுத் திருசியத்தின் ஏறக்குறைய ஆயிரம் கோடுகளின் அலைநீளங்களை அரும்பாடுபட்டு அளந்து 1868இல் வெளியிட்டார். மில்லிமீற்றரின் கோடியில் ஒரு பங்காகிய அவர் அலகு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. கோணங்களை அவர் அளந்ததில் குறையில்லை. ஆனால் அளியடைப்பின் கோடுகளுக்கிடைத் தூரத்தை எதனோடு ஒப்பிட்டார்? உப்சாலாவிலிருந்த மீற்றர்க் கோலோடு. அக்கோலின் நீளம் பாரிஸ் மீற்றரோடு முன்னர் ஒப்பிடப்பட்டபோது பிழை நேர்ந்திருந்தது. ஆகவே அவர் தந்த ஆயிரம் அளவைகளும் ஏறக்குறைய ஏழாயிரம் எண்ணாயிரத்தில் ஒரு பங்கு பிழைபட்டன. புடவைக் கடைக்காரனின் கெஜக்கோல் சற்றுக் குறைவானால், அவன் எவ்வளவு நேர்மையாக அளந்தாலும் கடையிலுள்ள துணி முழுவதும் பிழையாகவே அளக்கப்படும் அல்லவா? அவருடைய துணைவராயிருந்த தாலேன் என்பவர் 1884இற் திருத்தத்தை வெளியிட்டார். அங்ஸ்ரொம் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே காலமாகியிருந்தார்.

உலகத்து அளவையெல்லாம் ஓர் உலோகக் கோலை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை ஆங்கிலேயர் முன்னரே நன்கு கண்டிருந்தனர். 1834ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் இலண்டன் பாராளுமன்றக் கட்டிடம் தீப்பற்றியெரிந்தபோது, அங்கு காப்பிலிருந்த மூல யார்க் கோலும் அழிவுற்றது. கோல் கெட்டுப்போனால் ஊசலின் நீளத்தைக்கொண்டு மீட்கலாம் என்று 1824ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. வேளை வந்தபோது அம்முறை நம்பத்தக்கதன்றென்று தெரிந்தது. எஞ்சியிருந்த பிரதிக் கோல்களை ஒப்புநோக்கிப் புதிய யார் சட்டமாவதற்கு 1855ஆம் ஆண்டாயிற்று. தீயில் வேகாத, துருப்பிடிக்காத, எந்நாட்டிலும் எக்காலத்திலும் ஒரே நீளமுடைய கோலொன்று வேண்டும். அஃது ஒளியலையாக இருக்கலாமே! அலைநீளத்தை மீற்றரால் அளப்பதை விடுத்து மீற்றரை அலைநீளத்தால் அளந்தால் என்ன?

இதைச் செய்து முடித்தவர் அமெரிக்கரான அல்பேட் மைக்கல்சன். 1892, 93ஆம் ஆண்டுகளில் பாரிசுக்கு அண்மையிலுள்ள செவ்ர் என்னுமிடத்து அனைத்துலக நிறை அளவைப் பணிமனையில், பெனுவா என்னும் பிரெஞ்சு அறிஞர் துணையோடு இவ்வேலை நடந்தது. மைக்கல்சன் வகுத்த தலையீட்டுமானியின் அமைப்பு எளிமையே உருவானது. அரைகுறையாக வெள்ளி பூசிய கண்ணாடித் தட்டொன்று ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரிக்கும். ஒரு பாதி நேரே சென்று ஓர் ஆடியிலும், மறுபாதி பக்கவாட்டிற் சென்று வேறோர் ஆடியிலும் தெறித்துத் திரும்பி வந்து ஒன்றுகூடும். கூடுமிடத்தில் ஒளியும் இருளுமான பட்டைகள் தோன்றும். ஓராடியை அரை அலைநீளம் பின்னகர்த்தினால் ஒளியின் பாதை முழு அலைநீளம் கூடும். ஒரு பட்டை நகர்ந்து அதனிடத்தை அடுத்த பட்டை பிடிக்கும். ஆகவே பட்டைகளை எண்ணுதல் அலைகளை எண்ணுதலே.

முதலில் எவ்வொளியைத் தேர்வது என்ற வினா எழுந்தது. சோடிய மஞ்சள் இரட்டைக்கோடு என்பதை மேலே கண்டோம். பாதரசப் பச்சையும் பல நுண்கோடுகளின் கூட்டமே. ஒன்றுக்குள் ஒன்றாய் வேறலை கலந்திருந்தால் பட்டைகள் சிறிது தூரத்திற்குள் மங்கிப்போகும். பல உலோகங்களின் ஒளியைச் சோதித்து, ஈற்றில் கட்மியத்தின் சிவப்பொளியே மிகத் தூயதென்று அவர் கண்டார்.

அடுத்த தடை எண்ணிக்கை. ஒரு மீற்றரில் பதினைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட அலைகள் உள. கண்ணால் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினால் எங்கேனும் ஒன்று தப்பாதிருக்குமா? மைக்கல்சன் ஒன்பது உலோகத் துண்டுகளைச் செய்வித்து, ஒவ்வொன்றிலும் இரு சிற்றாடிகளைப் பொருத்தினார். மிகச் சிறியதன் நீளம் 0.39 மில்லிமீற்றர். அடுத்தது அதன் இருமடங்கு; அதற்கடுத்தது அதனின் இருமடங்கு. இவ்வாறு இரட்டித்துச் சென்றால் ஒன்பதாவது 10 சென்ரிமீற்றரை எட்டும். மிகச் சிறியதிலுள்ள ஏறக்குறைய 1,212 பட்டைகளை மட்டும் நேரே எண்ணினார். பின்னர் சிறியதை இருமுறை வைத்துப் பெரியதோடு ஒப்பிட்டு, மீதமாகும் பட்டைப் பின்னத்தை மட்டும் திருத்திக்கொண்டு படிப்படியாக ஏறினார். கடைசித் துண்டைப் பத்துமுறை அடியெடுத்து வைத்து மீற்றர்க் கோலின் மறுமுனையை அடைந்தார். சதுரங்கப் பலகைக்கு நெல்மணி கேட்ட புலவன் கதையை அறிந்தவர்களுக்கு இரட்டித்தலின் வலிமையைச் சொல்லவேண்டியதில்லை. விடை 1,553,163.5 அலைகள். ஏறக்குறைய பதின்மூன்று ஆண்டுகளின் பின் பெனுவாவும் பாப்ரி, பெரோ என்னும் இருவரும் வேறொரு கருவியைக்கொண்டு மீண்டும் அளந்தனர். பதினைந்து இலட்சத்துள் இரு விடைகளுக்குமுள்ள வேறுபாடு ஓர் அலைக்கும் குறைவு! 1907இல் மைக்கல்சனுக்குப் பௌதிகத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆயினும் உலோகக் கோல் அரசு துறப்பதற்கு மேலும் அரை நூற்றாண்டாயிற்று. 1960ஆம் ஆண்டு ஒக்டோபரில், கிரிப்டன் 86 என்னும் வாயுவின் செம்மஞ்சள் ஒளியலைகள் 1,650,763.73 கொண்ட நீளமே ஒரு மீற்றர் என்று உலக நாடுகள் கூடி விதித்தன. அவ்வரசும் நெடிதல்ல. 1983 முதல், வெற்றிடத்தில் ஒளி ஒரு செக்கனின் 299,792,458இல் ஒரு பங்கு நேரத்திற் செல்லும் தூரமே மீற்றர். எனினும் நடைமுறையில் அந்நீளத்தைக் கையிற் பெறுவதற்கு அலைநீளம் திட்டமாக அறியப்பட்ட லேசர் ஒளியும் தலையீட்டுமானியுமே இன்றும் வேண்டியிருக்கின்றன. 2015ஆம் ஆண்டு செத்தெம்பர் 14ஆம் நாள் அண்டவெளியிலிருந்து வந்த ஈர்ப்பலையை முதன்முதலாக உணர்ந்த அமெரிக்கக் கருவிகளும் நான்கு கிலோமீற்றர் நீளக் கரங்களுடைய மைக்கல்சன் தலையீட்டுமானிகளே.

திருசியமானி இல்லாத வீட்டிலும் அலைநீளத்தை அளக்கலாம். லேசரை ஆக்க வழிவகுத்தவர்களுள் ஒருவரான ஆதர் ஷோலோ, சாதாரண உருக்கு அளவுகோலொன்றால் இதனைச் செய்யும் முறையை 1965இல் எழுதினார். வேண்டியவை: மில்லிமீற்றர்க் கோடுகள் வெட்டிப் பொறித்த உருக்குக் கோல் ஒன்று, விரிவுரையாளர் பயன்படுத்தும் சிவப்பு லேசர்ச் சுட்டி ஒன்று, மூன்று மீற்றர் தூரத்தில் ஒரு வெண்சுவர். கோலை மேசை விளிம்பில் மட்டமாக வைத்து, சுட்டியைச் சற்று உயர்த்திப் பிணைத்து, ஒளி கோலின் கோடுகள்மீது மிகச் சாய்வாக உராய்ந்து செல்லுமாறு செய்க. சுவரில் ஒளிப்புள்ளிகள் ஒன்றன்மேலொன்றாக ஏணிப்படிபோல் ஏறிச் செல்லும். கோலைத் தப்பி நேரே செல்லும் ஒளி கீழே ஒரு புள்ளியையும், கோலில் ஆடிபோல் தெறித்த ஒளி மேலே மிகப் பிரகாசமான ஒரு புள்ளியையும் உண்டாக்கும். இவ்விரண்டிற்கும் நடுப்பட்ட இடமே கோலின் மட்டம். உயரங்கள் யாவற்றையும் அங்கிருந்து அளக்கவேண்டும்.

தெறித்த புள்ளியின் உயரம் 100 மில்லிமீற்றர், அதற்கு மேலுள்ள முதற் புள்ளியின் உயரம் 147 மில்லிமீற்றர் என்று கொள்வோம். வர்க்கங்கள் முறையே 10,000, 21,609, வேறுபாடு 11,609. கோட்டிடைத் தூரம் ஒரு மில்லிமீற்றராதலால் இதை ஒன்றாற் பெருக்கி, சுவரின் தூரமாகிய 3,000 மில்லிமீற்றரின் வர்க்கத்தை இரட்டித்து வரும் 18,000,000ஆல் வகுத்திடுக. விடை 0.000645 மில்லிமீற்றர், அதாவது 645 நனோமீற்றர். சுட்டியின் உறையில் 650 என்று அச்சிட்டிருப்பின் கைவேலை நன்றெனக் கொள்ளலாம். இரண்டாம் புள்ளி 183 மில்லிமீற்றர் உயரத்திற் கிடைக்கவேண்டும். அதைக்கொண்டு கணிக்கும்போது விடையை மேலும் இரண்டால் வகுக்கவேண்டும். பரிசோதனை செய்யும்போது சிறுவர்களை ஒளி செல்லும் மட்டத்தில் முகம் வைக்க விடாதீர்கள். லேசர் ஒளியும், உருக்கிற் தெறித்த அதன் ஒளியும் கண்ணுக்குத் தீங்கானவை.